தாம்பூலத் தட்டும் ஒரு விளம்பரமும்

வெளியுறவுத் துறையில் இருந்த காலத்தில், ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு நாட்டு அதிகாரிகள் சாப்பாட்டை மறந்து மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். ‘ஒப்புக்கொண்டது’ என்று எழுதுவதா, ‘கவனத்தில் கொண்டது’ என்று எழுதுவதா என்பதுதான் சண்டை. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டால் மறுநாள் அவர் முகத்தில் விழிக்க முடியாது. அந்த வேலையை விட்டுச் சென்னையில் ஓர் எரிவாயுக் கம்பெனிக்கு மக்கள் தொடர்பு அதிகாரியாகப் போனபோது, பேச்சுவார்த்தை தெரிந்தவள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என நினைத்து உச்சி குளிர்ந்து போனேன்.

முதல் வேலையே திருவாரூர்ப் பக்கம், நான் பிறந்த ஊரில். வயல்களில் எரிவாயுக் கிணறு தோண்ட விவசாயிகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதில் என் அண்ணன் வயலும் இருக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று நிர்வாக இயக்குநரிடம் சொன்னேன். அதனால் என்ன, நல்லதுதானே என்றார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எங்கள் நிலத்தைக் கேட்டு ஒருத்தர் வந்துவிடுகிறார் என்று பலரும் பொரிந்து தள்ளினார்கள். கடைசியில் அண்ணன் எழுந்தான்.

“கெணறு வேணாம்மா. நெல்லு வெளையிற மண்ணு இது. நாங்க சொன்னத அப்படியே போய்ச் சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். ஒரு வார்த்தை மாற்றாமல் அறிக்கையும் கொடுத்தேன்.

ஆனால் சண்டையே போட்டாலும், பிறந்த வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அன்று கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் அண்ணி வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ரவிக்கைத் துணி வைத்த தட்டை நீட்டினாள். பக்கத்தில் அண்ணன். கம்பெனி போட்டோகிராபர் படம் எடுத்தார். குடும்பப் படம்தானே என்று நானும் சிரித்தேன்.

அந்தப் படம் அதே வாரம் செய்தித்தாளில் அரைப்பக்க விளம்பரமாக வந்தது. ‘தாம்பூலம் தந்து சம்மதித்தார்கள் டெல்டா விவசாயிகள்.’ எங்கள் பக்கத்தில் குத்தகை பேசி முடித்தாலும் வெற்றிலை பாக்குத்தான் மாற்றிக்கொள்வார்கள். அது தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

மறுப்புப் போடச் சொல்லி நிர்வாக இயக்குநர் அறையில் கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நான் எதற்குக் குதிக்கிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை.

“ஃபாரின்ல வேல பாத்தவங்க நெறைய பேர் கெடைப்பாங்க மேடம். அந்த ஊர்ப் பொண்ணு நீங்க ஒருத்தர்தான்.”

இத்தனை வருட உத்தியோகத்தில் என்னை யாரும் இப்படி அறைந்ததில்லை. அன்றே வேலையை விட்டேன். மறுப்பு வரவேயில்லை.

ஊருக்குப் போனேன். தாலுகா ஆபீஸில் அண்ணன் ஆட்சேபம் சொல்லப் போனபோது, அங்கிருந்த அதிகாரி விளம்பரத்தைக் காட்டி, இதில் நிற்பது நீங்கள்தானே என்று கேட்டாராம். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வரப்போரம் இயந்திரம் வந்து நிற்பதை மட்டும் சொன்னான்.

நான் கிளம்பும்போது அண்ணி வழக்கம்போலத் தட்டோடு வந்தாள். நீட்டவில்லை. தெருக்கதவைப் பார்த்தபடி நின்றாள்.

“வெளியில யாரும் போட்டோ எடுக்கலையே?”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே பயந்துதான் கேட்டாள். யாரும் இல்லை அண்ணி என்றேன். அப்படியும் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தாள்.