கயித்தக்கா ஏறிய பிறகு

கப்பல்துறையில் அவளுக்குப் பெயரே கயித்தக்காதான். பாய்மரங்களுக்குக் கயிறு கட்டுபவள். ஆள் முசுடு, வேலை சுத்தம். கட்டி முடித்ததும் தானே முதலில் மேலே ஏறுவாள். பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்று பெயர்; அதன் அடியில் ஓடும் மிதிகயிற்றில் கடைசிவரை நடந்து காட்டுவாள். அதன்பின்தான் மாலுமிகள் காலை வைப்பார்கள்.

அவளுடைய தம்பி போன வருஷம் பருமலிலிருந்து விழுந்து செத்தான். "குடிச்சிட்டு ஏறினான்" என்று கேப்டன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பாவி! சாராய வாடை பட்டாலே வாந்தி எடுக்கிற பிள்ளை அது. மிதிகயிறு நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, "இன்னும் ஒரு நடை தாங்கும்" என்றவன் இதே கேப்டன். அவனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

இந்த வருஷம் கேப்டனுக்கு வேகப் பேராசை பிடித்தது. அவன் கப்பலுக்கு இரண்டு மரம். முன்மரத்தில் பருமலில் தொங்கும் குறுக்குப்பாய், அதை விரிக்க ஆள் மேலே ஏற வேண்டும். பின்மரத்தில் நெடுக்குப்பாய், அதைத் தளத்தில் நின்றபடியே இழுத்துவிடலாம், யாரும் ஏற வேண்டாம்.

"பின்மரத்துக்கும் குறுக்குப்பாயே போடு" என்றான்.

"போட்டுட்டா போச்சு" என்றாள். இனி இரண்டு மடங்கு ஆள் மேலே ஏறியாக வேண்டும்; ஏறாவிட்டால் கப்பல் நகராது. வாடா மகனே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, ஒரு குறை வைக்காமல் கட்டினாள்.

புறப்படும் நாள். சரக்கு ஏற்றியாகிவிட்டது. அவள் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாலுமிகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கயிறு நல்லாத்தானே இருக்கு?" கேப்டன் கத்தினான்.

"நான் கட்டினது. நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப ஏறித் தொலையேன்!"

"என் தம்பி எப்படி விழுந்தான்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. ஏறுறேன்."

கேப்டன் மிரட்டினான், குழைந்தான். காற்று நல்ல காற்று, வீணாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "கயிறு நைஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். போதுமா?" என்றான்.

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

அவள் ஏறினாள். இரண்டு மரத்திலும் எல்லாப் பருமலிலும் நடந்துவிட்டு இறங்கினாள். "கெட்டியா இருக்கு. தாராளமா ஏறலாம்" என்றாள்.

ஒருவரும் ஏறவில்லை. மூத்த மாலுமி தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகை வழியே கரைக்கு இறங்கினார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

"அடேய், நில்லுங்கடா! அதான் ஏறிக் காட்டிட்டாளே!" கேப்டன் அவள் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லேன், கயிறு நல்லாருக்குன்னு!"

"சொல்லிட்டேனே. கயித்த நம்புறாங்க. உங்களத்தான் நம்பல."