நானாவின் தூண்டிலில் கை வைக்காத நாள்

குளக்கட்டில் த்ரீவீலரை விட்டு இறங்கியதும் நானா என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

“இண்டைக்கு என்ட தூண்டில்ல நீ கை வைக்கப்படாது மச்சான். வச்சா கணக்கில்ல.”

நானா கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருந்தவர். ஊர் அலவத்துகொட. நான் அதே மார்க்கட்டில் மூட்டை தூக்கும் நாட்டாமை. வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். என் சட்டை எப்போதும் தோளில் கிழியும். தைக்கக் கொடுத்துத்தான் பழக்கம். அவர் எனக்கு மூத்தவர், அதனால் நானா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊருக்கு அப்பால் வயலுக்கு நடுவில் இருக்கும் சின்னக் குளத்துக்குப் போவோம். பெரிய மீன் கிடையாது. உள்ளங்கை அளவு திலாப்பியா. பொரித்தால் முள்ளும் மொறுமொறு என்று போகும்.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. கொஞ்சம் எழும்பும், விழுந்துவிடும். கிள்ளினாலும் தெரியாது.

கடை பூட்டிக் கிடந்தது. மகன் தையல் மிஷினை விற்க ஆள் பார்த்துவிட்டான். கெட்டவன் இல்லை. வாப்பா இனி வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தான். மறுநாள் திங்கட்கிழமை அந்த ஆள் வந்து மிஷினைப் பார்ப்பதாகப் பேச்சு.

நானா மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

“மீன நானே பிடிச்சு நானே கழட்டினா, கடயத் தொறப்பேன். ஏலாட்டி மிஷின் போகட்டும்.”

எங்களை இறக்கிவிட்ட மகன் போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

“மாமா, வாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கோங்க. முள்ளுகிள்ளு நீங்களே மாட்டிக் குடுங்க.”

“சரி, நீ போ” என்றேன். மாட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

நானா மதகுப் படியில் உட்கார்ந்தார். மண்புழு டின்னை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கினார். தூண்டில் முள்ளின் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் புழுவைக் குத்தினார். புழு உதட்டில் நெளிந்தது.

“என்னங்க நானா, மீனுக்கா நாஸ்டா, உங்களுக்கா?”

“நீ ஒன்ட மிதப்பப் பாரு.”

பார்த்தேன். எனக்குச் சீக்கிரமே மீன் ஒன்று பட்டது. பிறகு இன்னொன்று. அவர் மிதப்பும் ரெண்டு தடவை அமிழ்ந்தது. இடது கை பழகாத கை. சுண்டுவதற்குள் மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போனது.

“மீன் எனக்குக் கடன் வச்சிட்டுப் போகுது” என்றார்.

வெயில் ஏறியபோது அவர் முள் அடியில் ஏதோ வேரில் மாட்டியது. இழுத்தார். தங்கூசி நூல் அறுந்தது. முள் போய்விட்டது.

வேறு முள் கட்டவேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி கோர்த்த மனுஷன்தான். ஆனால் ஒற்றைக் கை, அதுவும் இடது கை. ரப்பர் செருப்பைக் கழற்றி, அதில் முள்ளைக் குத்தி நிறுத்தினார். நூலை எச்சில் தொட்டு, முள்ளின் காதுக்குள் விடப் பார்த்தார். விலகியது. மறுபடியும் விட்டார். விலகியது. காற்று வேறு.

நான் பாரம் கண்டால் கை நீட்டுகிறவன். முப்பது வருஷம் அதுதான் என் வேலை. யாராவது ஒரு பையைத் தூக்க முடியாமல் நின்றால்கூட என் கை தானாகப் போகும். அன்றைக்கு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு நிமிஷ வேலை எனக்கு. அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. என் மிதப்பு அமிழ்ந்ததையும் நான் பார்க்கவில்லை.

வயலில் இருந்து வந்த ஒரு ஆள் குளக்கட்டில் நின்று பார்த்தார்.

“ஏன் மல்லி, அந்த மனுஷனுக்கு உதவி செய்யத் தெரியாதா?” என்று என்னைத் தம்பி முறை வைத்துப் பாதி சிங்களத்தில் கேட்டார்.

“தெரியும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நானா தலை நிமிரவில்லை. சிரித்தார் என்பது தோளில் தெரிந்தது.

நூல் காதுக்குள் போனது. ஒரு முனையைப் பல்லில் பிடித்து முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

மறுபடியும் புழு குத்தி வீசினார். கம்பை முழங்காலில் இடுக்கி, இடது கையால் பிடித்துக் காத்திருந்தார். மிதப்பு ஒருமுறை ஆடியது. அவர் அசையவில்லை. முழுதாய் உள்ளே போன பிறகு சுண்டினார். மீன் வெளியே வந்து படியில் விழுந்து துள்ளியது.

இனி கழற்ற வேண்டும். திலாப்பியாவின் முதுகு முள் குத்தும். ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை கழற்ற வேண்டும். மீன் துள்ளித் துள்ளித் தண்ணீர்ப் பக்கம் போனது. நான் எழும்பிவிட்டேன்.

“இரிடா!” என்றார்.

வலது கையை இடது கையால் எடுத்து, ஒரு சாமானை வைப்பதுபோல மீன்மேல் வைத்தார். உடம்பைச் சாய்த்து அமத்தினார். மீன் அடங்கியது. இடது கையால் தூண்டில் முள்ளைக் கழற்றினார்.

“நானா, ரத்தம்.”

முதுகு முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. அவர் பார்த்தார்.

“நோவுதாண்டு நீ செல்லு. எனக்குத் தெரிய இல்ல.” விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தூக்காது மச்சான். ஆனா நல்லா அமத்துது. துணியையும் அமத்தும்.”

பொழுது சாய்வதற்குள் இன்னும் பிடித்தார். எல்லாவற்றையும் அப்படியே அமத்தித்தான் கழற்றினார். அவர் பை என் பையைவிடக் கனத்தது.

மகன் வந்தான். பையைத் தூக்கிப் பார்த்தான்.

“மாமாக்கு இண்டைக்கு நல்லாத்தான் மீன் பட்டீக்கு.”

“எனக்குப் பட்டது இந்தப் பையில இருக்கு. ரெண்டு. அது வாப்பா புடிச்சது. முள்ளுகூட அவருதான் கட்டினாரு” என்றேன்.

அவன் வாப்பாவின் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். நானா த்ரீவீலரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

“மகன், அந்த ஆளுக்கு நாளைக்கு வரவேணாமுண்டு செல்லு. கடப் பூட்டுத் தொறப்பையும் எடுத்து வை.”

அவன் என்னைப் பார்த்தான்.

“என்னைய ஏம்ப்பா பாக்குற? மிஷின் அவரோடது” என்றேன்.

என்னை மாத்தளை ரோட்டில் இறக்கிவிட்டார்கள். கண்டி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தது. உட்காரவில்லை. கையை அடக்கி உட்கார்ந்தது போதும் என்றிருந்தது. ரெண்டு மீனைக் கையில் வைத்துக்கொண்டு கண்டி வரைக்கும் நின்றே வந்தேன்.