கண்ணில் வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள், வியாழக்கிழமை, காலை எட்டு இருபத்தைந்து. என் நோட்டில் அந்த நேரத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இயந்திரம் தானே எழுதிக்கொள்ளும் பதிவேட்டிலும் அதே நிமிடம் இருக்கிறது. எதிரே இரண்டே சொல்: "கை தென்படவில்லை."

அந்த நிமிடத்தில்தான் எங்களோடு வேலை செய்யும் அக்காவின் வலது கையிலிருந்து இரண்டு விரல்கள் ஆட்டிறைச்சியோடு சேர்ந்து அறுபட்டு விழுந்தன.

மலேசியாவின் கிள்ளானில், உறைந்த இறைச்சியை அறுக்கும் மின்வாள் செய்கிற சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. புதிய மின்வாளின் தகட்டுக்கு மேலே ஒரு கேமரா உண்டு. இறைச்சி எது, மனிதக் கை எது என்று பிரித்தறிய அதைப் பழக்கியிருந்தோம். கையைக் கண்டால் அந்தக் கணமே வாள் நின்றுவிடும். பட்டறையில் எல்லோரும் அதைக் 'கண்' என்போம். மனித உடலைக் காக்கும் வேலையை இப்படிச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால், ஐரோப்பாவில் விற்பதற்கு முன் தயாரிப்பாளர் ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். என்னென்ன ஆபத்து, எப்படிச் சோதித்தோம், மக்கள் அதை எப்படியெல்லாம் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று எழுத வேண்டும். எழுதுகிறவன் நான். 'எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாடு' என்ற கட்டத்தில் நனைந்த கையுறை, இரத்தம் தோய்ந்த கையுறை, மோதிரம், கட்டுப் போட்ட விரல் என்று ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தேன்.

பூஜையன்று இயந்திரங்களுக்குப் பொட்டு வைப்பதும் நான்தான், ஒவ்வொரு வருடமும். பழைய இயந்திரங்களுக்கு மோட்டார் பெட்டியில் வைப்பேன். புதியதன் முன்னால் நின்று கொஞ்சம் யோசித்தேன். இதில் முக்கியமானது கண்தானே என்று, கண்ணாடியின் நடுவே தடிப்பாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சோதனைக்கு இறைச்சி அறுக்கும் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். பந்திங்கிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

"பொண்ணு பாக்க வந்தா உடனே ஓகே சொல்லிருவாங்க தம்பி, அவ்ளோ அழகா இருக்கு" என்று சிரித்தார்.

வைத்த பொட்டு தானாக உதிரும்வரை எங்களில் யாரும் துடைப்பதில்லை.

மறுநாள் காலை, அறுத்துக்கொண்டிருந்த கட்டி நடுவில் பிளந்து, அக்காவின் கை முன்னால் சறுக்கியது. வாள் நிற்கவில்லை. எலும்பு அறுபடும் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஆட்டெலும்பு என்றே நினைத்தேன். பிறகு அவர் அலறினார். நான் ஓடுவதற்குள் மேசை, சுவர், அவர் முகம் எல்லாம் இரத்தம். இறைச்சித் துண்டுகளுக்கிடையே நீலக் கையுறை ரப்பரைப் பார்த்துத்தான் விரல்களை அடையாளம் கண்டு பொறுக்கினேன். இறைச்சி வந்த பெட்டியின் ஐஸிலேயே போட்டு எடுத்துப் போனோம். ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிடு. பொட்டோட மெஷின ஓட்டுனது அவங்கதானே? திங்கக்கெழம ஃபைல் போகணும் லா."

"அக்கா மேல பழி விழும் பாஸ். அவங்க வேலையும் போயிடும்."

"அப்ப பொட்டு வச்சது யாருன்னு எழுதட்டுமா?"

மாலை நான்கு பத்துக்கு அவர் சொன்னபடியே டைப் செய்தேன். அந்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அக்காவின் தம்பி வந்தார். லோரி ஓட்டுபவர். கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர். முதல் வீச்சில் அலுவலகக் கண்ணாடி சில்லு சில்லாக விழுந்தது. முதலாளியின் சட்டையைப் பிடித்துச் சோதனை அறைக்கு இழுத்து வந்தார், பொத்தான்கள் தெறித்தன.

"கவனம் இல்லாம வேல செஞ்சாங்கன்னு எங்கக்காவுக்கே போன் போட்டுச் சொல்வியா?"

"கைய எடுங்க தம்பி, பேசித் தீத்துக்கலாம்."

"பேச எனக்கு வாய் இருக்கு. அவங்களுக்கு வெரல் எங்க? பொட்டு வச்சது எவன்?"

"நான்தான்" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் அடித்தார். முதல் அடியில் பல் உடைந்தது. இரண்டாவதில் விழுந்தேன். விலாவில் உதைத்தார். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. தரையில் கிடந்தபடி பார்த்தால் நேர் மேலே அந்தக் கண், நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது.

"பொட்டு நான் வச்சது" என்றேன், இரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஆனா கண்ண மறைச்சா இது நின்னுருக்கணும். ஏன் நிக்கல?"

எழுந்து, ஓர் ஆட்டுக்காலுக்குக் கையுறை மாட்டி, வாளை ஓட்டினேன். ஆட்டுக்கால் கையுறையோடு இரண்டாக விழுந்தது. திரையில் அதே வரி. அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"கண்ணு தெரியலன்னு சொல்லாம, கை இல்லன்னு சொல்லுது" என்றார். "இதத்தான் விக்கப் போறீங்களா, பாஸ்?"

முதலாளி வெட்டுப்பட்ட கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து, முந்தைய நாள் எழுதியதை அழித்தேன். தவறான பயன்பாட்டுக் கட்டத்தில் புதிதாக எழுதினேன்: பூஜை நாளில் கேமராவின் மேல் பொட்டு வைப்பார்கள். எதிர்பார்த்திருக்க வேண்டும். இம்முறை வைத்தவர், இக்கோப்பை எழுதுபவர். கண் மறைந்தால் இயந்திரம் நிற்பதில்லை. பொறுப்பு, தயாரிப்பாளருடையது.

முதலாளி கிழிந்த சட்டையோடு மூன்று முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கோப்பு போகவில்லை.

இயந்திரத்தைத் திருத்தி முடிக்க மாசி மாதம் ஆகிவிட்டது. அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். தம்பியின் லோரியில் வந்தார். நான் குழைத்து வைத்திருந்த சந்தனத்தை இடது கையால் எடுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசினார். பொட்டு வைப்பது போலில்லை, அறைவது போல இருந்தது. பொத்தானை அமுக்கினார். வாள் அசையவில்லை. திரையில்: "பார்க்க முடியவில்லை." மறுபடி அமுக்கினார். பிறகு உள்ளங்கையால் அடித்தார், நான்கு முறை, ஐந்து முறை. அசையவில்லை.

"தொடைச்சுட்டு ஓட்டிக் காட்டவா அக்கா?"

"வேணாம் தம்பி. அந்தச் சத்தம் கேட்டா வாந்தி வருது."

லோரி கிளம்பி, சாலை முனையில் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.