மோகனா வேஷம்

மலைமேல் இருக்கும் பங்களா ஹோட்டலில், சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் முன்கூடத்தில் பழைய ஊமைப்படம் போடுவார்கள். தேயிலைத் தோட்டம் பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. அங்கே சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் சசிரேகா, ஒரு சனிக்கிழமை தன் தாயைக் கீழே ரிங்லெட் ஊரிலிருந்து காடியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"படத்துல ஒருத்தி வாயவே தொறக்காம கண்ணாலயே ஆம்பளைங்கள கவுத்துடுறாம்மா. நீங்க சொல்லுவீங்களே, அதே மாதிரி இருக்குலா."

அம்சவல்லிக்கு எழுபத்திரண்டு வயது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு பெண் வந்தாள். கண்ணைச் சுற்றி அப்பிய மை, முழங்கை வரை கையுறை. அதை விரல் விரலாக உருவியபடி தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். எதிரே நின்ற பணக்காரன் பெண்டாட்டி பிள்ளையை மறந்து பொம்மை மாதிரி அவள் பின்னால் போனான்.

"இவளேதான்!" என்றாள் அம்சவல்லி. "ஆனா அப்ப மத்தக் கையிலேருந்துல்ல கழட்டுனா?"

அதற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் அவள் கொழுந்தெடுக்கும் வேலை போக, விருந்து நாட்களில் இதே பங்களாவின் குசினியில் பாத்திரம் கழுவி எடுபிடி வேலையும் செய்தாள். அப்போது அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரை, கூட்டாளிகள் வந்தால் கூடத்து வாசலில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் ஓட்டுவார். துரைமார் முன்பக்கம் உட்கார, அம்சவல்லி குசினிப் பக்கம் நின்று துணியின் பின்புறத்தில் பார்த்தாள். அவளுக்கு எல்லாமே இடவலம் மாறித் தெரிந்தது. நடுநடுவே வந்த ஆங்கில எழுத்தும் புரியாது. கதையைத் தானே கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் கெட்டவள் என்பது மட்டும் புரிந்தது. ஆனாலும் அம்சவல்லிக்கு அவளைத்தான் பிடித்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதே கங்காணியின் ஏச்சு தொடங்கிவிடும். கொழுந்து முற்றல் என்றால் ஏச்சு, கூடை குறைந்தால் ஏச்சு. யாரைக் கண்டாலும் தலையைக் குனிந்தே பழகியவள் அவள். இங்கே ஒரு பொம்பளை தலையைத் திருப்பினாலே ஆம்பளைகள் நடுங்குகிறார்களே! மறுநாள் முதுகுக் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அந்தப் பார்வையைப் பழகிப் பார்த்தாள்.

"என்னாடி, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த நீலாவதி.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் மகன் குணாளன் ஒரு நாடகம் எழுதினான். நல்ல குடும்பத்தைக் கெடுக்கும் மோகனாதான் அதில் முக்கியம். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது தோட்டத்து வழக்கம். மோகனாவாக நடிக்க இருந்த மாடசாமிக்கு அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மீசையை எடுக்க முடியாது என்று அடம்பிடித்தான்.

"நான் கட்டுறேன் அந்த வேஷத்த," என்றாள் அம்சவல்லி.

லயத்தில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். குணாளன் வந்து அவள் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினான்.

திருவிழா அன்று சாயங்காலம் மேடை ஏறியதும் அவளுக்கு வசனமெல்லாம் மறந்துவிட்டது. முன்வரிசையில் கங்காணி உட்கார்ந்திருந்தார். திரைமறைவிலிருந்து குணாளன் சொல்லிக்கொடுத்ததும் காதில் ஏறவில்லை. அப்போதுதான் படுக்கை விரிப்பில் பார்த்தவள் நினைவுக்கு வந்தாள். கையுறைக்கு எங்கே போவது? கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கதாநாயகனின் உள்ளங்கையில் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பித் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவள் கண் முன்வரிசைக்குப் போனபோது கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

கதாநாயகன் ஆண்டியப்பன், காய்கறி லோரியில் மூட்டை ஏற்றுகிறவன். "மோகனா, என் சொத்தெல்லாம் உனக்கே" என்று அவன் சொல்ல வேண்டும். வளையல்களைக் கையில் ஏந்தியபடி வாயைப் பிளந்து நின்றான். குணாளன் உள்ளேயிருந்து கத்திக் கத்திப் பார்த்தும் பயனில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கு மோகனா என்றே பெயர். அவள் குழாயடிக்குப் போனால் பெண்கள் புருஷன்மாரை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். தாப்பாவிலிருந்து பெண் பார்க்க வரவிருந்தவர்கள் வரவேயில்லை. அம்மா அழுதாள். அம்சவல்லியும் அழுதாள்தான். ஆனால் கங்காணி அவளை முன்போல ஏசவில்லை என்பதில் உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பும் இருந்தது.

ஒருநாள் ஆண்டியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னாப்பா வேணும்?" என்று கேட்டார் அப்பா.

"அன்னைக்கு ஒரு வசனத்த மறந்துட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக லோரி ஓட்டினான், திரிங்காப்பிலிருந்து கோஸும் பூவும் ஏற்றிக்கொண்டு. அவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

திரையில் கடைசிக் காட்சி வந்தது. பணக்காரன் திருந்திப் பெண்டாட்டியிடம் போய்விட்டான். மை கரைந்த முகத்தோடு அந்தப் பெண் பனி கொட்டும் தெருவில் தனியாக நடந்தாள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

"பாவம்," என்றாள் அம்சவல்லி. "அவளக் கட்டிக்க ஒருத்தனும் வரல பாரு."

கோப்பைகளை எடுக்க வந்த ஹோட்டல் பணிப்பெண் ரூபினி, சசிரேகா சொல்லி எல்லாம் கேட்டிருந்தவள், அவளை விடவில்லை. "பாட்டி, அந்தப் பார்வைய ஒருதடவ காட்டுங்களேன்!"

"போடி, இந்த வயசுல!" என்றவள், போகிற போக்கில் சட்டென்று திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"ஐயோ பாட்டி!" என்று ரூபினி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இறக்கத்தில் காடியை மெதுவாக ஓட்டிக்கொண்டே சசிரேகா கேட்டாள், "அப்பா இந்தப் படத்தப் பாத்திருக்காராம்மா?"

"எங்க பாத்தாரு? நான் பண்ணதத்தான் பாத்தாரு."

"பாத்திருந்தா?"

"அவதான் நல்லா பண்றா, நீ சுமாருன்னு சொல்லியிருப்பாரு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு பனி படர்ந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, ரிங்லெட் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.