காலி சீட்டு இருந்தும் நின்றவர்

போன வாரம் எம். புதுப்பட்டியில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு மினி பஸ்சில் சிவகாசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஜன்னலோரம். பக்கத்து சீட்டு காலி. அதை ஒட்டி ஒரு பெண் நிற்கிறார்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு கழுவினாலும் போகாத அலுமினியப் பவுடர், முழங்கை வரை வெள்ளியாய் மின்னுகிறது. சேலையிலும் அதே மினுமினுப்பு. கால்வலி முகத்தில் தெரிந்தது.

"உட்காருங்கம்மா..."

"இருக்கட்டும்க்கா. நின்னே பழகிருச்சு."

கண்டக்டர் முந்திக்கொண்டார். "அவுக உட்காந்தா சீட்டு பூரா பவுடர் அப்பிரும்க்கா. அடுத்து ஏறுறவுக என்னையல்ல வைவாக!"

அடேயப்பா, எவ்வளவு சுத்தமான காரணம்! சாதியைச் சொல்லி நிற்க வைத்தால் கேஸ் ஆகும். பவுடரைச் சொன்னால் ஆகாது. இத்தனைக்கும் அந்த பஸ்சில் பாதிப் பேர் பட்டாசு விற்றோ, லேபிள் அடித்தோ, லோடு ஏற்றியோ சாப்பிடுகிறவர்கள்தான்.

இந்த மாதிரி அநியாயங்களை இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நீங்களும் 'சூப்பர்' போட்டு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்திருக்கிறீர்கள். ஆனால் பேப்பரில் பேசுவது வேறு, பஸ்சில் பேசுவது வேறு... எப்படியோ பேசிவிட்டேன்.

"அவுகளும் டிக்கெட் எடுத்திருக்காக தம்பி. நிக்கிறதுக்கு ரேட்டைக் குறைச்சீகளா?"

அந்தப் பெண் உட்கார்ந்தார் — சீட்டின் நுனியில். எனக்கோ தலைகால் புரியவில்லை. இந்த வாரப் பத்தி ரெடி!

பெயர் மாரீஸ்வரியாம். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசிட்டு இறங்கிப் போயிருவீக. நாளைக்கு நாந்தானக்கா இதே பஸ்சுக்குக் கை காட்டணும்? நிப்பாட்டாமப் போயிட்டா இருட்டுல நடக்கணும். கம்பெனி வண்டி எங்க ஊர்ப்பக்கம் வராது."

சுருக்கென்றது. நியாயம் கேட்டது நான். அதற்காக நடக்கப்போவது அவரா? நிஜமாகவே பயந்துபோனேன்.

மறுநாள் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. போனேன். கம்பெனி ஸ்டாப்பில் மாரீஸ்வரியோடு நின்றேன். பஸ் வந்தது. அவர் கை காட்டினார். வேகம் குறையவில்லை... நானும் கையை நீட்டினேன். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"இன்னைக்கும் வந்துட்டீகளா?" என்றார் கண்டக்டர், கடுப்பாக.

"நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்குமா?

மாரீஸ்வரி பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். கண்டக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துண்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அநியாயம் தினமும் அதே பஸ்சில்தான் வருகிறது... நாம்தான் எப்போதாவது ஏறுகிறோம்!