கீழ்வீட்டு பிரஸ் மெஷினும் என் வீட்டுக்காரர் தூக்கமும்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். தாராவியில் நாங்கள் இப்போதும் குடியிருக்கும் மாடி அறையில் நடந்தது. கீழே பெல்ட் பட்டறை, மேலே நாங்கள். நடுவில் இருப்பது தகரமும் பலகையும்தான். கீழே யாராவது இருமினால்கூட எங்களுக்குக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் டிரைவர். அதுவரை பகலில் ஓட்டியவர், அந்த வருடம் ராத்திரி டியூட்டிக்கு மாறினார். கால் சென்டர் ஊழியர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை. காலையில் வந்து படுத்தால் புரண்டு புரண்டு பத்து மணிக்குத்தான் கண் அசரும். மதியம் ஒரு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதோடு சரி, அப்புறம் தூக்கம் வராது.

உடம்பு பழகிவிடும் என்றார். ஒரு மாதம் ஆகியும் பழகவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். டியூஷனிலிருந்து மகளைக் கூட்டி வரப் போனவர், அவளை மறந்துவிட்டுத் தக்காளி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு நான் சிரித்தேன்.

ஒருநாள் காலையில் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "ஏளா, இன்னைக்கு நான் போயிருப்பேன்" என்றார். செம்பூர் தாண்டி வரும்போது கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிட்டாராம். பின்சீட்டில் இருந்த பெண் அலறியதில்தான் முழிப்பு வந்திருக்கிறது. வண்டி டிவைடரை உரசி நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் இவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அவ்வளவுதான், கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்கத் தெரியாது. நேராகக் கீழே இறங்கினேன்.

பட்டறைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தோலில் பெல்ட்டை வெட்டி எடுக்கும் பிரஸ் மெஷின் அவருடைய கடை வாசலிலேயே நிற்கும். காலையிலிருந்து அது அடிக்கிற அடியில் எங்கள் தரையே அதிரும். தூக்கம் கெடுவதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

"ஒங்க மெஷினு இப்படி அடிச்சா மனுசன் எப்படி பாய் ஒறங்குவாவ? நாளைக்கு அவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்களா வந்து எனக்கும் எம் பிள்ளைக்கும் சோறு போடுவிய?" என்று கல்லி என்கிற எங்கள் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. நடந்ததை மட்டும் கேட்டார். பிறகு, "பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிரஸ்ஸை நிறுத்திப் போடுதேன். அதுக்கு மேல என்னால முடியாது தங்கச்சி" என்றார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் மாடி ஏறினேன். அதோடு விடவில்லை. குக்கர் விசில் சத்தம் வரக்கூடாதென்று சோற்றை வடிக்க ஆரம்பித்தேன். விளையாடுகிற பிள்ளைகளை அடுத்த கல்லிக்கு விரட்டினேன். காய்கறிக்காரர் எங்கள் வாசலில் மட்டும் வாய் திறக்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவர் பதினொரு மணிக்கே எழுந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. "ஒரு சத்தமும் இல்ல. ஆனா கண்ணு முழிச்சிருது" என்றார். நான் காக்காயைத் திட்டினேன், எதிர்வீட்டு டிவியைத் திட்டினேன். அவர் மறுபடியும் வண்டி எடுத்துக்கொண்டு போன ராத்திரிகளில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது அடித்துவிடக் கூடாதே என்றுதான்.

மூன்றாவது நாள், எதுதான் எழுப்புகிறது என்று பார்த்துவிடுவோம் என அவர் பக்கத்திலேயே அவரைக்காயை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. நறுக்கிய காய் தட்டில் துள்ளுகிறது, இவரோ வாயைத் திறந்து குறட்டை விடுகிறார். பதினொரு மணிக்கு மெஷின் நின்றது. ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. இவர் ஒருமுறை புரண்டார். கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குச் சட்டென்று லோக்கல் ரயில் ஞாபகம் வந்தது. ஓடுகிற வண்டியில் அத்தனை இரைச்சலிலும் ஜனம் தூங்கும். சிக்னலில் சும்மா நின்றால் எல்லோரும் விழித்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். முன்பு இவர் ஒரு மணிக்கு எழுந்தாரே, பட்டறையில் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்துவதும் அதே நேரம்தான். சத்தம் அவரை எழுப்பவேயில்லை, தூங்க வைத்திருக்கிறது. அதைத்தான் நான் சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

கீழே போனேன். வேலையாட்கள் சும்மா சுவரில் சாய்ந்திருந்தார்கள். ராத்திரியில் கீழே பிரஸ் அடித்ததெல்லாம், பகலில் நின்ற வேலையை உட்கார்ந்து முடிக்கத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும், இன்றைக்காவது தூங்கினாரா என்று இந்தியில் விசாரித்தார். பாயிடம் போய், மெஷினைத் திரும்ப ஓட்டச் சொன்னேன்.

பாய் என்னையே பார்த்தார். "வெளையாடுதியளா தங்கச்சி?" முகத்தில் சிரிப்பே இல்லை. கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ரயில் கதையோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் அதை இந்தியில் எடுத்துச் சொன்னதும் அந்த வேலையாள்தான் முதலில் சிரித்தார், பிறகு பாயும். "சரி, ஆளு மாத்தி ஆளா சாப்பிடப் போறோம். மெஷினு நிக்காது. அவரு எந்திரிச்ச பெறவு நீங்க வந்து சொல்லணும்" என்றார்.

மறுநாள் ஒரு மணி ஆனது. பிரஸ் நிற்கவில்லை. இரண்டும் ஆனது. இவர் அசையவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துக்கூடப் பார்த்தேன். நாலு மணிக்கு எழுந்து, "பசிக்குது" என்றார். அவர் முகத்தில் எனக்குப் பழக்கமான ஆளைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. ஓடிப்போய்க் கீழே சொன்னேன். பாய் கையைத் தூக்கிக் காட்ட, மெஷின் நின்றது. அன்றைக்கு வெட்ட வேண்டிய தோல் மூணு மணிக்கே தீர்ந்துவிட்டதாம், நான் வந்து சொல்லாததால் நாலு வரை வெறுமனே ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அழக்கூடாதென்று எங்கள் மாடிக்குப் போகும் ஏணியில் ஏறி, பாதியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகொரு டாக்டர் சொன்னார், ராத்திரி வேலைக்கு உடம்பு மாற நாளாகும், தூக்கத்திலும் காது காவல் இருக்கும், பழகிய சத்தம் நின்றால் எழுப்பிவிடும் என்று. இவர் இன்னும் ராத்திரிதான் ஓட்டுகிறார், நன்றாகத் தூங்குகிறார். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் யார் மேலாவது அது பொங்கி வரும்போதெல்லாம், என் மனுஷன் உயிரோடு வீடு திரும்புவது ஒருவேளை இந்த ஆளாலும்தானோ என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.