ஒரே கிருமி, ரெண்டு நெஞ்சு

போன ஞாயிறு, ராயபுரத்தில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி வழிமறித்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாம் — டி.பி. போயே போய்விட்டதாம். சந்தோஷமாகச் சொன்னாரா? அதுதான் இல்லை. "லாரன்ஸுக்கு போன வருசமே போயிட்ச்சே சார்" என்றார்.

லாரன்ஸ், அவருடைய தம்பி. இருவருக்கும் துறைமுகத்தில் வேலை. ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு. மற்றபடி... அண்ணன் பீடியைத் தொடமாட்டார், விடியற்காலையில் தண்டால் எடுப்பார், கோயிலுக்குத் தவறமாட்டார். தம்பி எல்லாவற்றிலும் நேர் எதிர்.

இருவருக்கும் ஒரே சமயத்தில் காசநோய் கண்டது. ஒரே ஊசி, ஒரே மாத்திரை. தம்பி மளமளவென்று தேறி வேலைக்குப் போய்விட்டான். அண்ணனோ இருமிக்கொண்டே இருந்தார். நியாயமா இது?

ஆரோக்கியசாமியும் அதைத்தான் கேட்டார் — கடவுளிடம். பதில் வரவில்லை. தான் ஏதோ பெரிய பாவம் செய்திருக்க வேண்டும் என்று அவரே முடிவு கட்டி, ஊசி போட்டுக்கொள்ளப் போவதை நிறுத்திவிட்டார். நல்லவர்களுக்கே உரிய அவசரம்! அவர் துண்டில் ரத்தத்தைப் பார்த்த மனைவி ரோசம்மா, பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார்.

நானும் லாரன்ஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, அவரை டி.பி. ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தோம்.

"ஒரே வூட்லதான் துன்றோம், தூங்குறோம். அவனுக்கு ஓடிப்போச்சு. எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா குந்திகினு கீது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிருமி ஒன்றுதான், அதோடு மல்லுக்கட்டுகிற சக்திதான் ஆளுக்கு ஆள் வேறு என்றார். மூக்கும் நிறமும் போல அதுவும் அப்பா அம்மா வழியாக வருவது. ஒரே வயிற்றில் பிறந்தாலும் ஒரே மாதிரி வாய்க்காது. முழு விவரம் டாக்டர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பாவ புண்ணியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

ஆரோக்கியசாமிக்கு நிம்மதி வந்ததோ இல்லையோ, வருத்தம் வந்துவிட்டது. "அப்போ நான் பீடி புடிக்காம இருந்ததெல்லாம் வேஸ்ட்டா?"

"புடிச்சிருந்தா, இந்தக் கேள்வியைக் கேக்க நீங்க வந்திருக்கமாட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

மனிதர் எழுந்து ஊசி போடும் அறைக்கு நடந்தார்.

மறுநாளிலிருந்து காலையில், அண்ணனை ஊசிக்குக் கூட்டிப்போக லாரன்ஸ் சைக்கிளோடு வாசலில் நிற்க ஆரம்பித்தான். நடந்தே போய்க்கொள்கிறேன் என்பார் அண்ணன். தம்பி பெல்லை அடித்தபடியே நிற்பான். தெருவே எட்டிப் பார்த்த பிறகுதான் அண்ணன் கேரியரில் ஏறுவார். வேலைக்கு லேட்டாகி மேஸ்திரியிடம் வசவு வாங்கினானே தவிர, லாரன்ஸ் நிறுத்தவில்லை. வழியில் ஒருமுறை அண்ணனுக்கு இருமல் அடங்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "நீ இல்லாங்காட்டி என்னை யார்ணா திட்டுவாங்க?" என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது ஆரோக்கியசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஒழுக்கத்துக்கு உடம்பு மார்க் போடும் என்று நாம்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். யாராவது நோயில் படுத்தால், 'என்ன பண்ணித் தொலைத்தானோ' என்கிறோமே... அவன் பிறக்கும்முன்பே முடிவாகிப்போனது எவ்வளவோ, யார் கண்டது?

எதிர்ப்புச் சக்தியை ஆளுக்கொரு தினுசாகக் கொடுத்த அந்தப் பெற்றோர், பிடிவாதத்தை மட்டும் ரெண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.